வசையின் வழக்கும் வழக்கின் வரம்பும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு மொழியை முழுமையாக அறிந்தவர் யார்? அதன் இலக்கணத்தைக் கற்றவர் என்று கூறுவது எளிய விடை. ஆயினும் எந்தச் சொல்லை, எவரிடம், எவ்விடத்தில் சொல்லலாகாது என்பதை அறியாதவரை அம்மொழியினர் தம்மவராக ஏற்பதில்லை. வாழ்த்தும் சொற்களை அகராதி கற்பித்துவிடும். வையும் சொற்களையும் அவற்றின் எடையையும் வாழ்க்கையே கற்பிக்கும்.

மலேசியத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் வசைச்சொல் இருமுறை பொதுமன்றத்திற்கு வந்தது. 2011 ஆம் ஆண்டில் 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவலில் இடம்பெற்ற ஒரு சாதிப்பெயர், நாடளாவிய எதிர்ப்பைக் கிளப்பியது. 2020 ஆம் ஆண்டு டிசம்பரில் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' என்னும் தமிழ் நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தது. ஆபாசமும் ஒழுக்கத்திற்கு மாறான செய்திகளும் அதில் உள்ளன என்பது காட்டப்பெற்ற காரணம். முன்னதில் பிறமொழியார் எழுதிய சொல் நம்மைப் புண்படுத்தியது. பின்னதில் நம் மக்களின் பேச்சே நமக்கு நாணம் தருவதாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கிய எழுத்துகள் மிகக் குறைவு. வசை என்பது மொழிதோறும் வட்டாரந்தோறும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை முதலில் கண்டு, அவ்வெளிச்சத்தில் இவ்விரு நாவல்களையும் அவற்றை நாம் எதிர்கொண்ட முறையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண மரபு கூறுவது

தமிழ் இலக்கண மரபு இவ்விரு பொருளையும் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் எனத் தனி வகையாக்கினார். அவையில் கூறத்தகாத சொற்களை மறைத்துக் கூறவேண்டும் என்றும் எச்சவியலில் விதித்தார். நன்னூலார் பின்னதை இடக்கரடக்கல் எனத் தகுதி வழக்கினுள் அடக்கினார். தொல்காப்பியர் தம் விதியைத் தாமே பின்பற்றியவர் என்பதும் அறிஞர் அறிந்ததே. ஆவின் சாணத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூற நேர்ந்தபோது, அச்சொல்லை வாளாது எடுத்துரையாமல், எழுத்துகளைப் பிரித்துச் சுட்டிச் செல்கிறார்.

ஆனால், அதே எச்சவியலில் அடுத்து வரும் விதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நெடுங்காலம் வழங்கிப் பழகிவிட்ட சொல்லாயின் அதனை மறைக்கவேண்டுவதில்லை என்பது அவ்விதி. எனவே, ஒரு சொல் தன்னளவிலேயே இழிந்தது என்பது தொல்காப்பியரின் கருத்தன்று. அவையும் வழக்குமே அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றன. இன்றைய சமூக மொழியியலார் பல நூல்களில் விரித்துரைக்கும் கருத்தின் வித்து இங்கே இருக்கிறது எனலாம்.

உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்குத் தரும் எடுத்துக்காட்டு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர் என்று அவர்கள் குறிக்கின்றனர். அவ்வுரைகளில் அது வெறும் வட்டாரச் சொல். இழிவுப் பொருள் அதற்கில்லை. இன்றைய மலையாளத்திலோ மனிதத் தாயையோ முதியவளையோ அச்சொல்லால் சுட்டினால் அது மரியாதைக் குறைவாகும். சொல் மாறவில்லை, அவை மாறிவிட்டது.

வட்டாரந்தோறும் மாறும் எடை

இம்மாற்றத்தைக் காண நாம் குட்டநாடு வரை செல்லவேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரை சென்றால் போதும். கோலாலம்பூர் 1881 ஆம் ஆண்டின் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின், நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்ட எழுந்த சூளைகள் அப்பகுதிக்குப் பெயர் தந்தன. பின்னர் இரயில்வேயில் பணியாற்றியோரின் குடியிருப்புகள் அங்குப் பெருகின. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் வந்தோர், தமிழகத்திலிருந்து தொழிலாளராக வந்தோர், மலையாளிகள் என்று பலரும் சில தெருக்களுக்குள் வாழ்ந்தனர். எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் தமிழ், அத்தெருக்களில் பலவாக ஒலித்தது.

யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் தம் பேத்தியைப் 'பெட்டை' என்று கொஞ்சுவார். அங்கே பொடியன் என்றால் சிறுவன்; பெட்டை என்றால் சிறுமி. அண்டை வீட்டுத் தமிழகத்துக்காரருக்கோ அச்சொல் விலங்கின் பெண்பாலைக் குறிக்கும். மனிதருக்குக் கூறினால் வசையாகிவிடும். யாழ்ப்பாணத்தார் 'நீர்' என்று விளிப்பது 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் இடைப்பட்ட இயல்பான நிலை. அவ்வழக்கு இல்லாத செவிக்கு அது விலகி நின்று அதிகாரம் செய்வது போலத் தோன்றும். மறுதலையாக, 'விசரன்', 'பேயன்' என்று யாழ்ப்பாணத்தார் ஏசும்போது முன்னதன் கூர்மை தமிழகத்தாருக்கு உறைப்பதில்லை. அச்சொல் அவர்கள் வழக்கில் இல்லை. தமிழகத்தில் எண்ணற்ற ஊர்ப்பெயர்களின் ஈறாக நிற்கும் 'பட்டி', மலையாளி செவியில் நாயைக் குறிக்கும் ஏச்சாக விழும்.

'மயிர்' என்னும் சொல் இன்னும் தெளிவான சான்று. திருவள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்திலேயே அச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கிறார். இன்று தமிழகத்தின் தென்கோடியிலும் மலையாளத்திலும் அது கடுஞ்சொல். வட தமிழகத்தில் எரிச்சலைக் காட்டும் அளவோடு நின்றுவிடுகிறது. தலைமுடியைக் குறிக்க நாம் 'முடி' என்னும் சொல்லை நாடுவதும் ஓர் இடக்கரடக்கலே. ஆனால், அதை இன்று எவரும் உணர்வதில்லை.

வசைச்சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் ஒரு சமூகத்தின் அச்சங்களும் தாழ்த்துதல்களும் வெளிப்படும். 'கொள்ளையிலே போவான்', 'பேதியிலே போவான்' என்னும் சாபங்கள் வாந்திபேதி ஊரையே வாரிச்சென்ற காலத்தின் எச்சங்கள். நோய் மறைந்தது, சாபம் நிலைத்தது. 'கம்மனாட்டி' என்பது கைம்பெண்ணைக் குறித்த சொல்லின் சிதைவு. கணவனை இழந்ததே ஒருத்தியின் குற்றமாகி, பின்னர் ஆண்மகனையும் ஏசும் பொதுச்சொல்லாயிற்று. 'தேவரடியார்' என்று சோழர் கல்வெட்டுகளில் மதிப்புடன் பொறிக்கப்பெற்ற பெயர், பெண்ணை இழித்துரைக்கும் சொல்லாகத் தேய்ந்தது. 'புறம்போக்கு' நிலவரி அலுவலகத்துச் சொல். உடையவரற்ற நிலத்தைக் குறித்தது, உற்றாரற்ற மனிதனைச் சுட்டத் தொடங்கியது. 'கஸ்மாலம்' வடசொல் வழியாகவும் 'பேமானி' உருது வழியாகவும் சென்னைத் தெருவுக்கு வந்தன. அங்கிருந்து திரைப்படத்தின் வாயிலாக நம் கிள்ளான் இளைஞரின் நாவில் ஏறின. அவற்றின் பிறப்பிடத்தை அறியாமலே அவர்கள் ஆள்கின்றனர்.

'மூதேவி' என்னும் சொல்லையும் இங்குக் கருதவேண்டும். பல்லவர் காலத்தில் கோயில்களில் இடம்பெற்று வழிபடப்பெற்ற தவ்வையே பின்னாளில் சோம்பலையும் கேட்டையும் குறிக்கும் வசையானாள். தெய்வமும் வசையும் ஒரே சொல்லுள் குடியிருக்கக்கூடும் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம். பின்னர் இது தேவைப்படும்.

மொழிகளுக்கிடையே

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் தனித்து வாழ்வதில்லை. மலாயும் ஆங்கிலமும் சீன மொழி வகைகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. மலாய் மொழி 'கடை', 'கப்பல்', 'பெட்டி', 'முதல்' ஆகிய சொற்களைத் தமிழிடமிருந்து வணிகத்தின் வழியே பெற்றது. அதே போக்கில் 'போடா' என்னும் நம் ஏவலும் ஏளனக் குறிப்பாகச் சென்று சேர்ந்தது. இன்று 'டேய்', 'மச்சான்' ஆகியவை எல்லா இனத்து இளைஞர் பேச்சிலும் கேட்கின்றன. மச்சான் என்பது நமக்கு மணவுறவின் பெயர். யார் யாரை அவ்வாறு அழைக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. கடன்பெற்றவருக்கு அவ்வரையறை தெரியாது, தேவையுமில்லை. 'தம்பி' என்பதன் கதை இதற்கு மாறானது. நம்மிடையே அன்பைச் சுட்டும் அச்சொல்லைப் பிற இனத்தார் ஏவலாளரை விளிக்கவும் பயன்படுத்தியதால், முதியவர் பலர் அவ்வாறு அழைக்கப்படுவதை விரும்பியதில்லை.

மலாயிலிருந்து நாம் பெற்றவற்றுள் 'ஜகாட்' குறிப்பிடத்தக்கது. தீயது என்னும் பொருளுடைய மலாய்ச் சொல், நம் நாவில் இவ்வடிவம் பெற்றுக் குறும்புக்காரப் பிள்ளையைக் கண்டிக்கும் சொல்லாயிற்று. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்னும் திரைப்படம் 2015 ஆம் ஆண்டு வெளிவந்தது. தோட்டங்களை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் வாழ்வைப் பேசிய அப்படம், 2016 ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அத்தலைப்பைத் தமிழகத்தார் புரிந்துகொள்ள மாட்டார். மலாய்க்காரர் பாதி புரிந்துகொள்வார். அதன் முழுப்பொருள் மலேசியத் தமிழருக்கே உரியது.

ஒரே பொருளுடைய சொற்கள் மொழிக்கு மொழி வேறுபட்ட எடை பெறுகின்றன. பன்றியின் பெயரைச் சொல்லித் தமிழ்த்தாய் தன் மகனையே கடிந்துகொள்வாள். அடுத்த நொடியில் சோறும் ஊட்டுவாள். அதனை மலாயில் மொழிபெயர்த்து ஒரு மலாய்க்காரரிடம் கூறினால், சமயமும் தூய்மையும் பற்றிய உணர்வு புண்பட்டுக் கைகலப்பில் முடியும். 'சியால்', 'செலாக்கா' என்னும் மலாய் ஏச்சுகள் கேட்டையும் கெட்ட நேரத்தையும் சுட்டுவன. நம் 'சனியன்' அவற்றின் உடன்பிறப்பு. பிரெஞ்சு மொழியிலும் இதனைக் காணலாம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தேவாலயத்தின் புனிதக் கலங்களின் பெயர்களே கடும் வசைகள். அதே பிரெஞ்சைப் பேசும் பாரிசு நகரத்தாருக்கு அவை வேடிக்கையாகவே தோன்றும். நீண்டகாலம் திருச்சபையின் பிடியில் வாழ்ந்த மக்கள், அப்பிடியை மீறும் வேட்கையை வசையில் காட்டினர்.

கோலாலம்பூரில் சீனரின் பொதுப்பேச்சாகக் காண்டனீசும் கிள்ளானில் ஹொக்கியனும் ஓங்கி நிற்கின்றன. ஆகவே, கிள்ளானில் வளர்ந்த தமிழ் இளைஞரும் கோலாலம்பூரில் வளர்ந்தவரும் கற்றுக்கொள்ளும் சீன ஏச்சுகள் வேறுவேறு. முப்பது கிலோமீட்டர் தொலைவு போதும், இரவல் வசையும் வட்டார வழக்காகிவிட.

இரவல் வசை ஏன் இத்துணை எளிதாக நாவில் ஏறுகிறது? பன்மொழியாளரின் உணர்ச்சி வெளிப்பாட்டை ஆராய்ந்த ழான் மார்க் டேவல், தாய்மொழி வசைக்கே உணர்ச்சி வலிமை மிகுதி என்பதை 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பின்னர்க் கற்ற மொழியின் வசை, பேசுபவரைச் சுடுவதில்லை. தமிழில் வாய்திறக்க நாணுபவர் ஆங்கிலத்தில் தயக்கமின்றி ஏசுவது இதனால்தான். அவருக்கு அச்சொல் சுடவில்லை, கேட்பவருக்குச் சுடக்கூடும். பல்லின நாட்டில் இவ்வேறுபாடு சிறிய செய்தியன்று.

தோட்டமும் ஏச்சும்

மலேசியத் தமிழின் பெரும்பகுதி தோட்டப்புறத்தில் உருவானது. கங்காணி முறையில் ஆள்சேர்த்தவர் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்தார். ஆதலின் ஒரு தோட்டத்தில் வட ஆர்க்காட்டுப் பேச்சும் அடுத்த தோட்டத்தில் சேலத்துப் பேச்சும் ஓங்குவது இயல்பாயிற்று. உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938 இல் தடுத்தபின், புதிய வரவு குறைந்து, இருந்த வழக்குகள் ஒன்றோடொன்று கலந்தன. லயமும் பெரட்டுக்களமும் ஒட்டுப்பாலும் மங்கும் கிராணியும் மண்டோரும் அக்கலப்பின் சொற்கள்.

அத்தோட்டத்தில் ஏச்சு கீழ்நோக்கியே பாய்ந்தது. துரை கிராணியை ஏசினார். கிராணி கங்காணியை ஏசினார். கங்காணி தொழிலாளியை ஏசினார். தொழிலாளி இரவில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பி மனைவியை ஏசினார். அவள் மண்ணை வாரித் தூற்றிச் சாபமிட்டாள். அவளுக்கு அடுத்த படி இல்லை. ஆகவே தெய்வத்திடம் முறையிட்டாள். பெண்களின் வசை பெரும்பாலும் சாபமாக அமைவதற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம். கையில் அதிகாரம் உள்ளவர் ஆணையிட்டு ஏசுவார். அதிகாரம் இல்லாதவர் எதிர்காலத்தை ஏவி ஏசுவார்.

1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை இவ்வகையில் மீண்டும் படிக்கவேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வு முதன்மையானது. ஆனால், துரைமாரையும் தோட்ட அலுவலரையும் கண்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தொழிலாளர் குடும்பத்துப் பெண்களைத் துன்புறுத்துவதை நிறுத்தவேண்டும் என்பதும் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இடம்பெற்றன. மதிப்பு, காசுக்கு இணையாகக் கோரப்பட்ட பொருள். படையைக் கொண்டு அப்போராட்டம் ஒடுக்கப்பட்டது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டியை விட்டு இறங்குவது வாய்பேசாத ஒரு வசை. தன்னைத்தானே வைதுகொள்ளுமாறு தொழிலாளியைப் பணிக்கும் வசை அது. அதனை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இரு நாவல்கள்

இனி நம் மையப் பொருளுக்கு வருவோம். அப்துல்லா உசேன் எழுதிய 'இன்டர்லோக்' 1971 ஆம் ஆண்டு வெளிவந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதைகளைப் பின்னிப் பிணைத்து, முடிவில் ஒரு தேசத்தின் கதையாக்கும் நோக்கம் கொண்டது. அந்நோக்கத்தை நாம் ஐயுறவேண்டுவதில்லை. அந்நாவலின் மாணவர் பதிப்பு சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் பகுதிகளின் ஐந்தாம் படிவ மாணவர்க்குக் கட்டாய இலக்கியப் பாடமாக்கப்பெற்றபோது எதிர்ப்பு மூண்டது. மணியம் என்னும் பாத்திரமும் அவனோடு கப்பலில் வந்தோரும் பறையர் சாதியினர் என்றும், எனவே ஒருவரை ஒருவர் தீண்டித் தீட்டுப்படுத்தும் அச்சம் அவர்களுக்கில்லை என்றும் அந்நாவல் விளக்கியது. திருத்தங்கள் பேசப்பெற்றன, குழு அமைக்கப்பெற்றது, இறுதியில் 2011 டிசம்பரில் நூலைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கும் முடிவு அறிவிக்கப்பெற்றது.

அச்சொல் மலாயில் பெற்றுள்ள எடையை அறியாமல் இவ்வெதிர்ப்பைப் புரிந்துகொள்ள இயலாது. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய அப்பெயர், ஐரோப்பியர் வாயிலாக ஆங்கிலம் சென்று, சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. தெருநாய்க்கும் அதனையே அடைமொழியாக்கினர். மலாய்ப் பேச்சிலும் அது தெருநாயோடு சேர்ந்தே வழங்கி, கடும் ஏச்சாக நிலைத்தது. பள்ளி வளாகத்தில் பிற இன மாணவர் வாயில் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதே சொல் தேர்வுப் பாடமாக வரும்போது அது வரலாற்றுச் சொல்லாக ஒலிக்காது. 'கெலிங்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. கலிங்கத்தின் பெயரடியாகப் பிறந்து, பழைய மலாய் இலக்கியங்களில் இழிவின்றி வழங்கி, பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலும் மலாக்காவின் தஞ்சோங் கெலிங்கிலும் இன்றும் நிற்கும் அப்பெயர், காலப்போக்கில் இந்தியரை இழித்துரைக்கும் சொல்லாகிவிட்டது. கல்லில் இருக்கும்போது மரபு. வாயில் இருக்கும்போது வசை.

'இன்டர்லோக்'கின் குறை எது? வசைச்சொல் இடம்பெற்றது மட்டும் அன்று. அச்சொல் பாத்திரத்தின் வாயிலிருந்து வரவில்லை. கதைசொல்லியின் கூற்றாக, வாசகருக்கு உண்மையை விளக்கும் தொனியில் வந்தது. கப்பலில் வந்தோர் அனைவரையும் ஒரே சாதிக்குள் அடக்கியது வரலாற்றுப் பிழை. தீண்டாமையை அதற்கு ஆளானவரின் இயல்பு போலக் கூறியது அதனினும் பெரிய பிழை. ஆணையிட்டுத் தீண்டாமையை நடத்தியவர் அவ்விளக்கத்தில் இல்லை.

ஆயினும், எதிர்ப்பின் ஒரு குரலை நாம் நேர்மையோடு ஆராயவேண்டும். 'எல்லாரும் அச்சாதியினர் அல்லர்' என்பது அன்று அடிக்கடி ஒலித்த வாதம். தகவல் என்னும் அளவில் அது சரியே. ஆனால், அவ்வாதத்துள் மறைந்திருக்கும் எண்ணம் என்ன? அச்சாதியினராக இருந்தால் இழிவு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. பிற இனத்தார் சொன்னால் கொதித்தெழும் நாம், நம் வீட்டுத் திருமணப் பேச்சிலும் நம் தெருச்சண்டையிலும் அதே பெயரை வசையாக எறிவதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம். இரட்டைமலை சீனிவாசன் 1893 ஆம் ஆண்டு 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவெனச் சொல்லப்பட்டதைத் தலைப்பாக்கி நிமிர்ந்தார். அயோத்திதாசர் அப்பெயரையே மறுத்து வேறு அடையாளம் நாடினார். 1922 ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு, ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. வழிகள் வேறுபட்டன, ஆனால், இவர்கள் எவரும் 'நாங்கள் அவரல்லர்' என்று கூறி விடுதலை தேடவில்லை. அப்பெயருக்குரியோரின் பக்கம் நின்றே பேசினர். 2011 ஆம் ஆண்டின் விவாதம் அவ்வுயரத்தை எட்டவில்லை என்பதே நம் மதிப்பீடு.

'பேய்ச்சி'யின் நிலை வேறு. கெடா மாநிலத்தின் லூனாஸ் பகுதியைக் களமாகக் கொண்டது அந்நாவல். 1981 ஆம் ஆண்டு நச்சுச் சம்சு குடித்துத் தோட்ட மக்கள் மாண்ட துயர நிகழ்வு அதன் பின்புலம். அம்மக்களின் நாட்டார் தெய்வ நம்பிக்கை அதன் உள்ளோட்டம். அதில் வரும் மாந்தர் ஏசுகின்றனர், கொச்சையாகவும் ஏசுகின்றனர். தடைக்கு முன்னும் பின்னும் எழுந்த குறைகூறல்களில் அவ்வசைச் சொற்கள் தனியே பிரித்தெடுத்துக் காட்டப்பெற்றன. பிரித்தெடுத்த வசை எப்போதும் ஆபாசமாகவே தோன்றும். அறுத்தெடுத்த உறுப்பு அழகாக இருப்பதில்லை.

அந்நாவலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பேய்ச்சி என்பது தென்தமிழகத்துத் தாய்த்தெய்வத்தின் பெயர். அடங்காத பெண்ணை ஏசும் சொல்லும் அதுவே. நாம் முன்னர்க் குறித்த மூதேவியைப் போல, வழிபாடும் வசையும் ஒரே சொல்லில் உறைகின்றன. இவ்விரு பொருளும் பிரியாமல் இருப்பதே அத்தலைப்பின் வலிமை. ஏச்சைக் களைந்துவிட்டுத் தெய்வத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஏசப்பட்டவளே தெய்வமாகிறாள் என்பதுதான் நாட்டார் மரபின் உண்மை.

இதனால் 'பேய்ச்சி'யின் ஒவ்வொரு வசையும் தேவையானது என்று நாம் வாதிடவில்லை. வட்டார வழக்கை ஆள்வோர் அனைவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. பேச்சின் கரடுமுரடையே உண்மையின் அடையாளமாகக் கருதிவிடுதல் அது. தோட்ட மக்கள் எப்போதும் ஏசிக்கொண்டே இருந்தவர் அல்லர். அவர்களிடம் நயமான விளிகளும் தாலாட்டும் ஒப்பாரியும் மௌனமும் இருந்தன. ஏச்சு மட்டுமே எழுத்தில் எஞ்சினால் அதுவும் ஒருவகைத் திரிபே. ஆனால், இக்குறையைச் சுட்டவேண்டியது திறனாய்வு. அமைச்சின் ஆணை அன்று. தடை விழுந்தபின் திறனாய்வாளருக்கு வாய்ப்பே இல்லாமற் போகிறது. குறைகூற நினைத்தவரும் தடையின் பக்கம் நிற்பதாகத் தோன்றுமோ என்று அஞ்சி வாய்மூடுகிறார். போற்ற நினைத்தவர் அளவுக்கு மீறிப் போற்றுகிறார்.

ஓர் அளவுகோல்

மேற்கூறியவற்றால், வசை பயிலும் படைப்பை மதிப்பிட மூன்று வினாக்களை நாம் முன்வைக்கலாம். முதலாவது: சொல் எவருடைய கூற்று? பாத்திரத்தினதா, கதைசொல்லியினதா? பாத்திரம் ஏசும்போது அப்பாத்திரத்தை நாம் அறிகிறோம். கதைசொல்லி ஏசும்போது நாமே ஏசப்படுகிறோம். இரண்டாவது: அவ்வசை அவ்வட்டாரத்துக்கும் அவ்வுறவுக்கும் உரியதா? கெடா தோட்டத்து முதியவர் வாயில் சென்னைத் திரைப்படத்து ஏச்சு வந்தால், அது கொச்சை என்பதால் அன்று, பொய் என்பதால் குறையாகும். மூன்றாவது: அவ்வசை எத்திசையில் பாய்கிறது? மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? அத்திசையைப் படைப்பு வாசகருக்கு உணர்த்துகிறதா, மறைக்கிறதா?

இவற்றோடு, நூல் எவர் கையில் எவ்வாறு சேர்கிறது என்பதையும் கருதவேண்டும். தேர்வெழுதும் பதினேழு வயது மாணவர் விலக்க இயலாத பாடநூலும், முதிர்ந்த வாசகர் தாமே விரும்பி வாங்கும் நாவலும் ஒன்றல்ல. தொல்காப்பியர் சொன்ன அவை என்பது இதுவே. வகுப்பறை ஓர் அவை. நாவல் வேறோர் அவை. 'இன்டர்லோக்' பாடத்திட்டத்திலிருந்து விலகியதை ஏற்கும் ஒருவர், 'பேய்ச்சி' மீதான தடையை ஏற்காதிருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. முன்னது ஓர் அவையிலிருந்து நூலை அகற்றியது, நூலை அழிக்கவில்லை. பின்னது எல்லா அவைகளிலிருந்தும் அகற்றியது.

முடிவுரை

தமிழகத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கும் பெருமாள்முருகன் கொங்கு வழக்குக்கும் சொல்லகராதிகள் தொகுத்துத் தந்தனர். மக்கள் மறைவில் பேசிய கதைகளையும் கி. ரா. தொகுத்தார், பெருமாள்முருகன் கெட்ட வார்த்தை எனப்படுவதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். மலேசியத் தோட்டத் தமிழுக்கும் அத்தகைய முயற்சிகள் பெருகவேண்டும். அவை தொகுக்கப்படும்போது ஏச்சையும் சாபத்தையும் விலக்கிவிடாமல் சேர்க்கவேண்டும். கிள்ளானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக்களத்தில் வசவு கேட்டு நின்றோர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் கேட்ட சொற்களும் திருப்பிச் சொல்ல முடியாமல் விழுங்கிய சொற்களும் அவர்களோடு மறைந்துவிடும் நிலை.

நாமும் இக்கட்டுரையில் சில சொற்களை அச்சேற்றத் தயங்கி விலகிச் சென்றுள்ளோம் என்பதை மறைக்கவில்லை. ஆய்விதழும் ஓர் அவையே. அதற்குரிய இடக்கரடக்கலை மேற்கொண்டோம். ஆனால், இடக்கரடக்கல் என்பது சொல்லை மறைத்துக் கூறுவது, கூறாமலே விடுவதன்று. நம் முன்னோர் மீது எறியப்பட்ட சொற்களை நாகரிகம் கருதி நாம் துடைத்துவிட்டால், அவர்களை அவ்வாறு ஏசியவரின் தடமும் உடன் துடைக்கப்பட்டுவிடும்.